நீல டிக் எதற்குச் சாட்சி? சேகரிப்பு கார்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் வாங்கும் போக்கிமான், ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட்டுக் கார்டுகள், பேஸ்பால் கார்டுகள் அசலா போலியா என்பதை விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஒருவர் சரிபார்ப்பது பற்றி நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் சில இங்கே.

கேள்வி: ஈபேயில் 400 டாலருக்கு ஒரு போக்கிமான் கார்டை என் மகன் பார்த்து வைத்திருக்கிறான். கிரேடிங் ஆகாத கார்டு. பக்கத்தில் நீல டிக் போட்டு ‘ஆதென்டிசிட்டி கியாரண்டி’ என்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? இதுவும் கிரேடிங்கும் ஒன்றுதானா?
— எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ஒன்றல்ல. கிரேடிங் என்பது கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கார்டுகளுக்கு இந்த ஏற்பாட்டை ஈபே 2022 தொடக்கத்தில் அமெரிக்காவில் கொண்டுவந்தது. முதலில் 750 டாலரும் அதற்கு மேலும் விலைபோகும் கிரேடிங் ஆகாத கார்டுகளுக்கு மட்டும் இருந்தது. பிறகு வரம்பை 250 டாலராகக் குறைத்து, கிரேடிங் ஆன கார்டுகளையும் சேர்த்தார்கள். நீங்கள் பணம் கட்டியதும் விற்பவர் கார்டை உங்களுக்கு அனுப்புவதில்லை, சரிபார்ப்பு மையத்துக்கு அனுப்புகிறார். அங்கே இரண்டு விஷயம் பார்ப்பார்கள். கார்டு அசலா? விளம்பரத்தின் தலைப்பு, படம், நிலை ஆகியவற்றோடு ஒத்துப்போகிறதா? இரண்டும் சரி என்றால், பிரித்தால் தெரிந்துவிடும் சீலுடன் உறையில் போட்டு, கையெழுத்து வாங்கும் தபாலில் உங்களுக்கு வரும். பொருந்தவில்லை என்றால் கார்டு விற்றவருக்கே திரும்பிப் போகும், உங்கள் பணம் உங்களுக்கு வரும்.

அதாவது, விற்பவர் சொன்னது உண்மையா என்பதற்கு மட்டும்தான் இந்த டிக் சாட்சி. விலை நியாயமா என்று அது சொல்லாது. மதிப்பெண்ணும் தராது. கிரேடிங் ஆகாத கார்டுகளுக்கு ஈபேயில் நான்கே நிலைதான். மேல் நிலையான ‘நியர் மின்ட் ஆர் பெட்டர்’ என்பது மிக அகலமான வகை. கிரேடிங்குக்கு அனுப்பினால் 7 வாங்கும் கார்டும் 10 வாங்கும் கார்டும் அதே வகைக்குள் உட்கார்ந்திருக்கலாம். இவற்றின் விலையோ மலைக்கும் மடுவுக்கும். ‘டிக் இருக்கிறது, வாங்கி அனுப்பினால் 10 வரும்’ என்று கணக்குப் போடாதீர்கள். கார்டு வியாபாரம் தெரிந்தவர் 10 வரக்கூடிய கார்டை அப்படியே விற்பது அபூர்வம். ஏற்கெனவே பூதக்கண்ணாடியில் பார்த்து, வராது என்று தெரிந்த பிறகுதான் பெரும்பாலும் விற்பனைக்கு வைப்பார்.

வாங்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். பளபளக்கும் ஹோலோ பரப்பின் மேல் விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுத்த படம் ஒன்றை விற்பவரிடம் கேட்கட்டும். ஸ்கேனரில் எடுத்த படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெல்லிய கீறல்களை விழுங்கிவிடும். சாய்ந்த ஒளியில்தான் அவை வெள்ளிக் கம்பி போல மின்னும்.

கேள்வி: 1999-இல் வாங்கிய ஆல்பத்தில் ‘முதல் பதிப்பு’ முத்திரை போட்ட போக்கிமான் பேஸ் செட் கார்டுகள் சில கிடைத்தன. கிரேடிங்குக்கு அனுப்பும் முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வழி உண்டா?
— டொரான்டோ

பதில்: நன்றாகவே உண்டு. 102 கார்டுகள் கொண்ட ஆங்கில பேஸ் செட்டை 1999 ஜனவரியில் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அச்சிட்டு வெளியிட்டது. முதலில் முத்திரையுடன் ‘முதல் பதிப்பு’, அடுத்து முத்திரை இல்லாத ‘ஷேடோலெஸ்’, அதன் பிறகு பெருமளவில் அடித்த ‘அன்லிமிடெட்’ என்று மூன்று வகை வந்தன. போலி வேலை செய்பவர்கள் மலிவான அன்லிமிடெட் கார்டை எடுத்து அதில் முத்திரை குத்துகிறார்கள். கார்டு அசல், முத்திரை மட்டும் பொய். தாள், எடை, பின்பக்கம் எல்லாமே சரியாக இருக்கும் என்பதால், ‘கார்டு போலியா’ என்று தேடுகிறவர் இதைக் கோட்டைவிடுவார்.

இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது, படத்தைச் சுற்றிய சட்டத்தின் வலது ஓரம். அன்லிமிடெட்டில் அங்கே சட்டத்துக்குப் பின்னால் நிழல் விழுந்தது போல ஒரு சாம்பல் பட்டை இருக்கும். முதல் பதிப்பில் அது கிடையாது. இரண்டாவது, கார்டின் அடியில் உள்ள பொடி எழுத்து உரிமை வரி. முதல் பதிப்பிலும் ஷேடோலெஸ்ஸிலும் அந்த வரியில் நின்டெண்டோ பெயருக்கு முன் ‘1995, 96, 98, 99’ என்று நான்கு ஆண்டுகள் இருக்கும். அன்லிமிடெட்டில் ‘99’ இல்லாமல் 98-உடன் நின்றுவிடும். வரியின் கடைசியில் விசர்ட்ஸ் பெயருக்கு அருகே உள்ள 1999 எல்லாவற்றிலும் வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நிழலும் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது என்றால் முத்திரை பொய். ஒரே ஒரு விலக்கு மச்சாம்ப், 8/102. அது இருவர் விளையாடும் தொடக்கப் பெட்டியுடன் வந்த கார்டு. நிழல் உள்ள அச்சிலும் அதற்கு முத்திரை உண்டு. நிழலைப் பார்த்ததும் மச்சாம்பைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதேபோல, முத்திரை இருக்கிறதே என்று மச்சாம்புக்குப் பெரிய விலையும் எதிர்பார்க்காதீர்கள். ஏராளமாகக் கிடைக்கும் கார்டு அது.

நிழல் இல்லாத ஷேடோலெஸ் கார்டில் முத்திரை குத்தினால் இந்த இரண்டு சோதனையும் உதவாது. அப்போது 30 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் முத்திரையையே பார்க்க வேண்டும். சந்தேகமில்லாத முதல் பதிப்புக் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதே தொகுப்பின் சாதாரணக் கார்டு போதும், விலை அதிகமில்லை. ஒப்பிட அசல் ஒன்று கையில் இல்லாமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். எடை, ஒளி, நிறம் எல்லாம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும்.

கேள்வி: பழைய மேஜிக் கார்டு வாங்கும்போது ‘பச்சைப் பொட்டு’ சோதனை போதும் என்கிறார்கள். போதுமா?
— சிங்கப்பூர்

பதில்: மேஜிக் கார்டின் பின்பக்கத்தில் ஐந்து வண்ணப் பொட்டுகள் வட்டமாக இருக்கும். அதில் பச்சைப் பொட்டை 60 மடங்கு பெருக்கிப் பார்த்தால், உள்ளே நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில ‘எல்’ எழுத்து போல மடங்கி நிற்கும். பல போலிகளில் அந்த இடம் வெறும் கலங்கலாகத்தான் இருக்கும். நல்ல சோதனைதான். ஆனால் அது சோதிப்பது பின்பக்கத்தை மட்டும்.

1993-இல் ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்ற பெயரில் மேஜிக்கை வெளியிடும் விசர்ட்ஸ் நிறுவனமே ஒரு தொகுப்பு வெளியிட்டது. பிளாக் லோட்டஸ் உட்பட பெரிய விலை போகும் கார்டுகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் மூலைகள் வளையாமல் சதுரமாக இருக்கும், பின்பக்க ஓரம் தங்க நிறத்தில் இருக்கும். இதன் முன்பக்கத்தை மெல்லிய தோலாக உரித்து, மலிவான உண்மையான மேஜிக் கார்டின் பின்பக்கத்தோடு ஒட்டி, மூலையை வளைத்து வெட்டிவிடுகிறார்கள். முன்பக்கமும் நிறுவனத்தின் அச்சு, பின்பக்கமும் நிறுவனத்தின் அச்சு. பச்சைப் பொட்டு தேர்ச்சி பெறும். முன்பக்கத்தில் கறுப்பு எழுத்துகள் புள்ளிகளாக உடையாமல் திடமான ஒரே மையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையும் தேர்ச்சி பெறும்.

பிடிபடுவது விளிம்பில். கார்டை நெட்டுக்குத்தாகப் பிடித்து விளிம்பைப் பெருக்கிப் பாருங்கள். அசலில் இரண்டு வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே நீல நிற மையம் ஒரே சீராக ஓடும். ஒட்டு வேலையில் அந்தக் கோடு இடம் மாறியிருக்கும், தடித்திருக்கும், அல்லது பசையின் மினுமினுப்பு தெரியும். அடுத்து டார்ச் ஒளியைப் பின்னால் பிடித்து, அசல் கார்டோடு ஒப்பிடுங்கள். பசை அடுக்கு ஒளியைச் சீராக விடாது, திட்டுத்திட்டாகத் தெரியும். அதற்கடுத்து எடை. சாதாரண கார்டு 1.7 – 1.8 கிராம் அளவில் இருக்கும், எனவே 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும், சமையலறைத் தராசு ஆகாது. கார்டை வளைத்துப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அசலாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கே.

கேள்வி: கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ அடைத்துத் தந்த கூட்டில் உள்ள கார்டு. லேபிளில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் சரியாக வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?
— லண்டன்

பதில்: எண் சரியாக வருவது எண்ணைத்தான் நிரூபிக்கிறது. கையில் உள்ள கூட்டை அல்ல. இணையத்தில் படம் போட்டு விற்கப்படும் ஒரு அசல் கூட்டின் எண்ணை அப்படியே நகலெடுத்து, போலிக் கூட்டில் போலிக் கார்டை வைப்பது வழக்கமான மோசடி.

எனவே எண்ணோடு படத்தையும் பாருங்கள். அந்தப் பக்கத்தில் கார்டின் படம் இருந்தால், அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஹோலோவில் சுழி எங்கே விழுந்திருக்கிறது, மூலையில் வெள்ளைப் புள்ளி எங்கே என்று உங்கள் கார்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு கார்டுகளுக்கு இடது வலது ஓர அகலம் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போவது கடினம். படம் இல்லாத பழைய எண் என்றால், அதே எண் இதற்கு முன் எங்கே விற்றது என்று ஏலத் தளங்களில் தேடிப் பாருங்கள்.

அடுத்து கூட்டின் விளிம்பு. அது ஒலி அதிர்வால் உருக்கி ஒட்டப்பட்டது. நெம்பித் திறந்து, உள்ளே வேறு கார்டை வைத்து மீண்டும் ஒட்டினால், சேரும் இடத்தில் பனி படிந்தது போல வெள்ளை வெடிப்பு தெரியும் அல்லது பசை வழிந்திருக்கும். நான்கு பக்கத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்புவது நகத்தில் தட்டும். லேபிளின் எழுத்து மங்கலாகவோ மை பரவியோ இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: பிஎஸ்ஏவுக்கு எட்டு கார்டுகள் அனுப்பினேன். ஆறுக்கு மதிப்பெண் வந்தது. ஒன்று ‘என்1’ என்றும் இன்னொன்று ‘என்6’ என்றும் கூடு இல்லாமல் திரும்பின. என்னைத் திருடன் என்கிறார்களா?
— டாலஸ்

பதில்: இல்லை. முன்பு யாரோ செய்ததற்கு இப்போதைய உரிமையாளர் பொறுப்பல்ல. ஆனால் இரண்டு குறிகளும் ஒரே பொருளில் வருபவை அல்ல.

என்1 என்றால் ஓரத்தை வெட்டியதற்கு அடையாளம் இருக்கிறது என்று பொருள். மழுங்கிய மூலையைக் கூராக்க, தேய்ந்த ஓரத்தை மயிரிழை வெட்டுவார்கள். தொழிற்சாலைக் கத்தி விட்டுச் செல்லும் சொரசொரப்பு அப்போது போய்விடும், விளிம்பு கண்ணாடி போல வழுவழுப்பாகும் அல்லது நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கும். என்6 என்றால் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். தொழிற்சாலையிலேயே சிறிதாக வெட்டுப்பட்ட அசல் கார்டுகள் உண்டு, அதில் குற்றச்சாட்டு இல்லை. சாயம் பூசியிருந்தால் என்3, அசல்தானா என்பதே சந்தேகம் என்றால் என்4, சுத்தம் செய்த அடையாளம் என்றால் என்7. துணியில் ஈரம் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்புபவர்கள் என்7-ஐ நினைவில் வையுங்கள்.

ஓரம் வெட்டுவதில் எல்லோரும் மேற்கோள் காட்டும் கார்டு, 1909 – 11 காலத்து டி206 என்ற பேஸ்பால் கார்டுத் தொகுப்பில் வந்த வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. ஐஸ் ஹாக்கி வீரர் வெயின் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது. பிஎஸ்ஏ முதன்முதலாகத் தரப்படுத்திய கார்டும் அதுதான், 8 கொடுத்தார்கள். 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதை முன்பு வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, தானே ஓரத்தை வெட்டியதாக 2013-இல் ஒப்புக்கொண்டார். தரப்படுத்துவது ஒரு நாளில், சில கண்கள் பார்த்துச் சொல்லும் கருத்து என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. இன்று கருவிகள் மேம்பட்டிருக்கின்றன என்றாலும் வாங்குபவர் தன் கண்ணை ஓய்வுக்கு அனுப்பக் கூடாது.

நீங்களே அளக்க டிஜிட்டல் காலிப்பர் போதும். போக்கிமான், மேஜிக் கார்டுகள் 63 × 88 மில்லிமீட்டர், அமெரிக்க விளையாட்டுக் கார்டுகள் பெரும்பாலும் 63.5 × 88.9. காலிப்பரின் தாடை கார்டை அழுத்தாமல் தொட்டு நின்றால் போதும், இறுக்கினால் ஓரம் நசுங்கும். ஓர் இடத்தில் மட்டும் அளக்காமல் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்தால் உள்வாங்கிய ஓரம் தெரிந்துவிடும்.

கேள்வி: நூறு வருடப் பழைய பேஸ்பால் கார்டு என்று ஒருவர் விற்கிறார். யுவி டார்ச் உதவுமா?
— சான் ஹோசே

பதில்: மிகவும் உதவும். தாளை வெளேர் என்று காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் தாளில் பரவலானது. இருட்டறையில் யுவி வெளிச்சத்தில் டி206 கார்டு நீல வெண்மையாகப் பிரகாசித்தால் அது பிற்கால மறு அச்சு. ஆனால் பிரகாசிக்கவில்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது. பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளில் அச்சடிப்பவர்களும் உண்டு. கறுப்பு ஓரத்துக்குப் பேர்போன, டாப்ஸ் நிறுவனத்தின் 1971 பேஸ்பால் கார்டுகளுக்கும் இந்த டார்ச் கைகொடுக்கும், பேனா மையால் பூசி மறைத்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும்.

கேள்வி: பிரிக்காத பெட்டி, அல்லது விற்பனைக்கு வரும் முன் சோதனைக்காக அடித்த ‘முன்மாதிரி’ கார்டு, சான்றிதழோடு வந்தால் நம்பலாமா?
— கோலாலம்பூர்

பதில்: இரண்டிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

பிரிக்காத பெட்டியைச் சரிபார்ப்பவர் பார்க்க முடிவது பெட்டியையும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையையும் மட்டும். யூடியூப் பிரபலம் லோகன் பால் 35 லட்சம் டாலருக்கு வாங்கிய ‘முதல் பதிப்பு’ போக்கிமான் பெட்டிகளும் நிபுணர் சான்றோடு வந்தவைதான். 2022 ஜனவரியில் பிரித்தபோது உள்ளே இருந்தவை ஜி.ஐ. ஜோ கார்டுகள்.

முன்மாதிரி கார்டு விஷயம் அதைவிட நுட்பமானது. வண்ண லேசர் பிரிண்டர்கள் பல, அச்சடிக்கும் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைத் தூவுகின்றன. பிரிண்டரின் எண்ணும் அச்சடித்த தேதியும் அதில் சங்கேதமாக இருக்கும். 1996 காலத்துச் சோதனைக் கார்டுகள் என்று கூட்டுக்குள் வைத்து விற்கப்பட்ட போக்கிமான் கார்டுகள் சிலவற்றை 2025 தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் ஆராய்ந்தார்கள். புள்ளிகள் காட்டிய ஆண்டு 2024. நீங்களும் பார்க்கலாம். கார்டை உயர்ந்த தெளிவில், 600 டிபிஐ அல்லது அதற்கு மேல், ஸ்கேன் செய்து, படத் திருத்த மென்பொருளில் நீலச் சேனலை மட்டும் திறந்து மாறுபாட்டைக் கூட்டுங்கள். வெற்றிடத்தில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் சிறு புள்ளிக் கூட்டம் தெரிந்தால் அது பிரிண்டர் வேலை.

கேள்வி: ஈபேயின் சரிபார்ப்பு மையம் வழியாகச் சுற்றி வந்தால் தாமதமாகும், நேரடியாக அனுப்பினால் 40 டாலர் குறைக்கிறேன் என்கிறார் விற்பவர்.
— பீனிக்ஸ்

பதில்: வேண்டாம். மையத்தைத் தவிர்ப்பது என்றால், தளத்துக்கு வெளியே பணம் கட்டச் சொல்கிறார் என்று பொருள். தளத்துக்கு வெளியே பணம் போனால் அந்தத் தளத்தின் எந்தப் பாதுகாப்பும் உங்களுக்குக் கிடையாது.

கேள்வி: விற்பனை ஆனது. ஈபேயின் சரிபார்ப்பு மையத்துக்கு எப்படிக் கட்டி அனுப்புவது? போன முறை மூலை மடங்கிப் போனதால் விற்பனை ரத்தாகிவிட்டது.
— அட்லான்டா

பதில்: கட்டுவதற்கு முன்பாக, முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று ஆறு படம் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம்.

கார்டை முதலில் மெல்லிய ‘பென்னி ஸ்லீவ்’ உறையில் போட வேண்டும். மூலை மடங்குவது பெரும்பாலும் இங்கேதான், உறையின் வாயில் மூலை இடித்து. வாயை இரு விரலால் நன்றாகப் பிளந்து, ஒரு மூலையை முதலில் உள்ளே விட்டு, அடுத்ததை மெல்ல இறக்குங்கள். பிறகு டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறை. சாதாரண கார்டுக்கு 35 பாயின்ட் போதும். ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்சித் துணி பதித்த தடித்த கார்டை அதில் திணித்தால் பரப்பில் கீறல் விழும், அதற்குத் தகுந்த தடிமனில் வாங்குங்கள். கிரேடிங்குக்கு அனுப்புவதானால் டாப்லோடர் வேண்டாம். வளைந்து கொடுக்கும் ‘கார்டு சேவர் 1’ உறையைத்தான் பிஎஸ்ஏ கேட்கிறது. அவர்கள் கார்டை எடுக்கும்போது உரசாமல் வெளியே வரும்.

டாப்லோடரின் வாயைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது பசை கார்டில் படும். பெயின்டர்கள் சுவரில் ஒட்டும் நீல டேப்பை ஒட்டி, நுனியை மடித்துப் பிடி விட்டு வையுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதை டாப்லோடரைவிடப் பெரிய இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து அட்டையை மட்டும் டேப் போடுங்கள். குமிழி உறை போதாது, சிறு பெட்டி நல்லது. ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது.

கார்டு ஆயிரக்கணக்கான டாலர் பெறும் என்றால், அமெரிக்கத் தபாலில் ரிஜிஸ்டர்டு மெயில் 50,000 டாலர் வரை காப்பீடு தருகிறது. நேரம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு கையிலும் கையெழுத்தாகி நகரும். பெட்டியின் எல்லா இணைப்பிலும் பிளாஸ்டிக் டேப் போட்டுக்கொண்டு போனால் கவுன்டரில் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் இணைப்புகளின் மேல் மை முத்திரை குத்துவார்கள், அது பிளாஸ்டிக்கில் நிற்காது. பழுப்புக் காகித டேப்பால் ஒட்டிக்கொண்டு போங்கள்.